மணிக்கட்டும் வயிற்றுச் சுற்றளவும்: பெரிய கட்டு உடம்புக்கு எது சரியான எடை?

உயரம் 180 சென்டிமீட்டர். எடை 90 கிலோ. வயது நாற்பத்தைந்து. அகன்ற தோள், தடித்த மணிக்கட்டு. கைக்கடிகாரத்தின் வார் கடைசித் துளையில்தான் மாட்டும். இப்படிப்பட்டவரை நம் ஊர்களில் 'தாட்டியான ஆள்' என்பார்கள், 'ஓங்குதாங்கான உடம்பு' என்பார்கள். அதில் குறை சொல்லும் தொனி கிடையாது. சற்று மரியாதைகூட இருக்கும். அலுவலக மருத்துவப் பரிசோதனையில் இவருக்கு எடை அதிகம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். எத்தனை கிலோ குறைத்தால் போதும் என்று அவர் விசாரிக்கத் தொடங்குகிறார்.

ப்ரோக்கா கணக்கு அவருக்கு 80 கிலோ என்கிறது. டெவைன் சூத்திரம் 75 என்கிறது. மில்லர் சூத்திரம் 71.5 கிலோவோடு நிறுத்திக்கொள்கிறது. ஹாம்வி விதியில் பெரிய கட்டுக்கென்று தரும் பத்து சதவீதத்தையும் சேர்த்தால் 85 கிலோ வரை போகலாம். உலகச் சுகாதார நிறுவனத்தின் பிஎம்ஐ வரம்பு 80.7 கிலோவில் நிற்கிறது. இந்தியர்களுக்கென்று வகுத்த வரம்போ 74 கிலோவைத் தாண்டவிடாது. ஒரே மனிதர், ஒரே உயரம். பதில்களுக்கு இடையே ஏறத்தாழ பதினான்கு கிலோ வித்தியாசம். "எனக்கு எலும்பு கனம், அதான் எடை காட்டுது" என்று அவர் சொல்வதை இதில் எந்தக் கணக்கோடு சேர்த்துப் பார்ப்பது?

பெரிய கட்டு ஆண்கள் இந்தக் குழப்பத்தில் இரண்டு விதமாக ஏமாறுகிறார்கள். எட்டவே முடியாத ஓர் எண்ணை இலக்காகக் கொடுத்தால், மூன்று மாதம் வயிற்றைக் கட்டிப் பார்த்துவிட்டுத் தோற்றுப்போய் மொத்தமாகக் கைவிடுகிறார்கள். பழியை எலும்பின்மேல் போட்டுவிட்டால் தொப்பை வளர்வதைக் கண்டுகொள்வதே இல்லை. இரண்டாலும் கேடுதான். எந்த எண் எங்கே, எதற்காகப் பிறந்தது என்று தெரிந்தால்தான் எதை எவ்வளவு நம்பலாம் என்பது விளங்கும்.

ப்ரோக்கா கணக்கில் அதிகம் சொல்ல எதுவுமில்லை. பிரெஞ்சு அறுவைச் சிகிச்சை மருத்துவரும் மானுடவியலாளருமான பால் ப்ரோக்காவின் பெயரால் 19ஆம் நூற்றாண்டிலிருந்து வழங்கும் கழித்தல் அது: சென்டிமீட்டரில் உயரம், அதிலிருந்து நூறைக் கழித்தால் கிலோவில் எடை. மனக்கணக்காகப் போடலாம் என்பதே அதன் பலம்.

டெவைன் சூத்திரத்தின் கதை வேறு. 1974இல் பென் டெவைன் ஜென்டாமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்தை நோயாளிக்கு எந்த அளவில் கொடுப்பது என்பது பற்றி எழுதினார். அந்த மருந்து உடற்கொழுப்பில் அதிகம் பரவாது. அளவு மிஞ்சினால் சிறுநீரகத்தையும் செவியையும் கெடுக்கும். பருமனான ஒருவருக்கு அவருடைய முழு எடையையும் கணக்கில் வைத்து ஊசி போட்டால் மருந்து மிகுந்துபோகும். அதற்காக அவர் ஒரு வழி சொன்னார்: ஆணுக்கு ஐந்து அடி உயரம் வரை 50 கிலோ, அதற்கு மேல் ஒவ்வோர் அங்குலத்துக்கும் 2.3 கிலோ. ராபின்சன், மில்லர் சூத்திரங்கள் 1983இல் அதே பாதையில் வந்த திருத்தங்கள். மருந்தின் அளவுக்காகப் போட்ட கணக்கு பிறகு எடைக் கணிப்பான்களுக்குள் நுழைந்து 'இலட்சிய எடை' என்று பெயர் வாங்கிக்கொண்டது.

அந்தச் சூத்திரம் தனக்குரிய இடத்தில் இன்றும் உயிர் காக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். நுரையீரல் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்குச் செயற்கைச் சுவாசக் கருவி ஒவ்வொரு மூச்சிலும் தள்ளும் காற்றைக் கிலோவுக்கு 12 மில்லிலிட்டரிலிருந்து 6 மில்லிலிட்டராகக் குறைத்தால் இறப்பு குறைகிறது என்று 2000இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு காட்டியது. கொரோனா காலத்திலும் மருத்துவர்கள் பின்பற்றிய நெறி அது. அங்கே 'கிலோ' என்பது நோயாளியின் மெய்யான எடை அல்ல. உயரத்தை வைத்து டெவைன் வழியில் கணக்கிட்ட எடை. ஆள் பெருத்தாலும் நுரையீரல் பெருப்பதில்லை. மருந்துக்கும் மூச்சுக்கும் பொருந்துகிற இந்த எண்ணை, தோள் அகன்ற ஒரு மனிதரின் வாழ்நாள் எடைக்கு இலக்காக வைப்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. அதில் உடற்கட்டு என்பதற்கு இடமே கிடையாது.

உடற்கட்டுக்கு முதலில் இடம் கொடுத்தவர்கள் மருத்துவர்கள் அல்லர், ஆயுள் காப்பீட்டுக்காரர்கள். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஆயுள் காப்பீட்டு நிறுவனம் 1942இல் பெண்களுக்கும் 1943இல் ஆண்களுக்கும் 'இலட்சிய எடை' அட்டவணைகளை வெளியிட்டது. அதற்குப் பின்னால் இருந்தவர் நிறுவனத்தின் புள்ளியியலாளர் லூயி டப்ளின். எந்த எடையில் இருப்பவர்கள் நீண்டநாள் வாழ்கிறார்கள் என்று பாலிசிதாரர்களின் கோப்புகளிலிருந்து கணக்கெடுத்தார்கள். ஒவ்வோர் உயரத்துக்கும் சிறிய கட்டு, நடுத்தரக் கட்டு, பெரிய கட்டு என்று மூன்று பத்திகள். 1959இல் திருத்திய அட்டவணை வந்தபோது 'இலட்சிய' என்ற சொல் போய் 'விரும்பத்தக்க' என்ற சொல் வந்தது. மருத்துவமனைச் சுவர்களில் பல பத்தாண்டுகள் தொங்கியவை இவைதாம்.

மூன்று பத்திகளும் பார்க்க அறிவியலாகத் தெரியும். ஆனால் பாலிசி எடுக்க வந்தவர்களின் உயரமும் எடையும்தான் கோப்பில் இருந்தன. அவர்களுடைய மணிக்கட்டையோ முழங்கையையோ யாரும் அளந்ததில்லை. இருந்த எடைகளைத்தான் மூன்றாகப் பிரித்து 'கட்டு' என்று பெயரிட்டார்கள். தன் கட்டு எது என்று எப்படித் தெரிந்துகொள்வது என்பதற்கு அட்டவணையில் பதில் இல்லை. ஒவ்வொருவரும் கண்ணாடியைப் பார்த்து முடிவுசெய்துகொள்ள வேண்டியதுதான். எடை கூடியவர் எந்தப் பத்தியைத் தேர்ந்தெடுப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை. 'எனக்கு எலும்பு கனம்' என்ற சொல்லுக்கு அச்சில் ஓர் ஆதாரம் கிடைத்தது அப்போதுதான்.

1983இல் இந்த ஓட்டையை அடைக்க முயன்றார்கள். முழங்கை மூட்டின் அகலத்தைக் கட்டுக்கு அளவாகக் கொண்டார்கள். வலக்கையை முன்னே நீட்டி, முழங்கையைச் செங்கோணமாக மடக்கி, மூட்டின் இரு பக்கமும் துருத்தி நிற்கும் எலும்புகளைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்து, அந்த இடைவெளியை அளக்க வேண்டும். நம் கதையின் மனிதருடைய உயரத்துக்கு அது 3⅛ அங்குலத்தை, அதாவது ஏறத்தாழ 7.9 சென்டிமீட்டரைத் தாண்டினால் பெரிய கட்டு. முழங்கையைத் தேர்ந்தெடுத்ததில் நியாயம் இருந்தது. உடம்பெல்லாம் கொழுப்பு ஏறினாலும் அந்த மூட்டில் அதிகம் ஏறாது. மணிக்கட்டைவிட நம்பகமான இடம் அது. எல்லைகளை அமெரிக்க அரசின் தேசிய உடல்நலக் கணக்கெடுப்பிலிருந்து எடுத்து, ஆண்களில் பாதிப்பேர் நடுத்தரம், கால்வாசிப்பேர் சிறிது, கால்வாசிப்பேர் பெரிது என்று வரும்படி வகுத்தார்கள். ஆக, வரையறைப்படியே நான்கு பேரில் ஒருவருக்குத்தான் பெரிய எலும்பு. அதுவும் அமெரிக்க ஆண்களில்.

இனி அந்த அட்டவணை அவருக்கு எவ்வளவு சலுகை தருகிறது என்று பார்ப்போம். அது ஓர் அங்குலக் குதிகாலுள்ள காலணியோடும் ஐந்து பவுண்டு உடையோடும் போட்ட கணக்கு. உடையைக் கழித்துவிட்டால், நடுத்தரக் கட்டுக்கு 69 முதல் 75 கிலோ வரை. பெரிய கட்டுக்கு 72 முதல் 83 கிலோ வரை. மேல்வரம்பில் எட்டுக் கிலோ வித்தியாசம். கட்டு என்பதை அளந்து மதிப்புக் கொடுத்த ஒரு தாராளமான அட்டவணை தருவதே இவ்வளவுதான். 110 கிலோ இருப்பவர் எலும்பைக் காரணம் காட்டினால் அந்தக் கணக்கு எங்கும் நேராகாது.

இந்த அட்டவணைக்கும் குறைகள் உண்டு. காப்பீடு எடுக்க வசதியுள்ளவர்கள், பெரும்பாலும் வெள்ளையர்கள்தாம் அதற்குள் இருந்தார்கள். ஒரு பகுதியினரின் எடை தராசில் பார்த்தது அல்ல, அவர்களே சொன்னது. புகைபிடிப்பவர்கள் மெலிந்திருப்பார்கள், சீக்கிரம் இறப்பார்கள். அவர்களைப் பிரிக்காமல் கணக்கெடுத்தால் ஒல்லியே ஆபத்து என்று தோன்றும். ஆனால் எல்லாவற்றையும்விடப் பெரிய குறையை, முதல் அட்டவணை வெளியான அதே 1942இல், அமெரிக்கக் கடற்படை மருத்துவர் ஒருவர் காட்டிவிட்டார்.

ஆல்பர்ட் பென்கி என்ற அந்த மருத்துவரும் வெல்ஹாம் என்ற அவருடைய சக ஆய்வாளரும் 25 தொழில்முறைக் கால்பந்து வீரர்களை அளந்தார்கள். அமெரிக்கக் கால்பந்து என்பது முட்டி மோதி, இடித்துத் தள்ளி ஆடும் ஆட்டம். வழக்கமான உயர–எடை அட்டவணையைப் பார்த்தால் அந்த 25 பேரில் 17 பேர் எடை மிகுதியால் ராணுவச் சேவைக்கே தகுதியற்றவர்கள். பென்கி அவர்களைத் தண்ணீருக்குள் மூழ்கவைத்து எடை பார்த்தார். கொழுப்பின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 0.9 கிராம், தசை, எலும்பு, நீர் எல்லாம் சேர்ந்த மீதி உடம்பின் அடர்த்தி 1.1 கிராம். கொழுப்பு மிதக்கப் பார்க்கும், தசை மூழ்கப் பார்க்கும். நீருக்குள் ஒருவர் எவ்வளவு எடை காட்டுகிறார் என்பதிலிருந்து அவருக்குள் எவ்வளவு கொழுப்பு இருக்கிறது என்று கணக்கிட்டுவிடலாம். அந்த வீரர்களில் பலருடைய உடல் அடர்த்தி மிக உயர்ந்து நின்றது. அட்டவணை குற்றம் சாட்டிய எடை பெரும்பாலும் தசை.

இந்தச் சோதனையைத்தான் இன்றும் பிஎம்ஐக்கு எதிராக எடுத்துக்காட்டுகிறார்கள். பிஎம்ஐ அதற்குப் பிந்திய பெயர். 1796இல் பிறந்த பெல்ஜிய வானியலாளரும் புள்ளியியலாளருமான அடால்ஃப் கெட்லே, வளர்ந்த மனிதர்களிடையே எடை உயரத்தின் வர்க்கத்தை ஒட்டி ஏறுகிறது என்று 1835இல் எழுதினார். அவர் 'சராசரி மனிதனை'த் தேடிக்கொண்டிருந்தார். யார் குண்டு, யார் ஒல்லி என்பது அவருடைய கவலை அல்ல. 1972இல் ஆன்செல் கீஸ் தலைமையில் ஐந்து நாடுகளைச் சேர்ந்த 7,424 ஆண்களை வைத்துப் பல குறியீடுகளை ஒப்பிட்டபோது, எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கும் முறை மற்றவற்றுக்குத் தாழ்ந்துபோகவில்லை. அதற்கு அவர்கள் வைத்த பெயரே பிஎம்ஐ. கூட்டத்தை அளக்கும் கருவியாகத்தான் அதைப் பரிந்துரைத்தார்கள். உயரமானவர்களுக்கு அது சற்று அநியாயம் செய்கிறது என்பதும் உண்மை. ஆக்ஸ்ஃபோர்டு கணிதவியலாளர் நிக் ட்ரெஃபெதன் 2013இல் உயரத்தின் இரண்டரை அடுக்கால் வகுத்து 1.3ஆல் பெருக்கும் மாற்றுக் கணக்கைச் சொன்னார். அதில் நம் மனிதரின் 27.8 என்ற எண் 26.9 ஆகிறது. இறங்கியது ஒன்றுக்கும் குறைவு. உயரம் தரும் சலுகை அவ்வளவுதான்.

அந்த 27.8 என்ற எண்ணிலும் ஒரு செய்தி இருக்கிறது. 1998 வரை அமெரிக்காவில் ஆண்களுக்கு அதிக எடை தொடங்கும் கோடு சரியாக 27.8. அந்த ஆண்டு அதை 25க்கு இறக்கினார்கள். விளிம்பில் நின்றவர் ஒரு கிராம்கூடக் கூடாமலேயே ஒன்பது கிலோ அதிக எடைக்காரர் ஆனார். கோடுகளை மனிதர்கள்தாம் போடுகிறார்கள். கோட்டின் இப்பக்கம் ஆரோக்கியம், அப்பக்கம் நோய் என்று உடம்பு பிரிந்துகிடப்பதில்லை.

ஆகவே பிஎம்ஐ பொய், பெரிய கட்டு ஆண்களைப் பழிக்கிறது என்று முடித்துவிடலாமா? பலரும் இங்கே நிறுத்திக்கொள்கிறார்கள். இதற்கு அடுத்த அடியை எடுத்துவைத்தால் கதை தலைகீழாகிறது.

2008இல் அபெல் ரொமேரோ-கொரால் குழுவினர் அமெரிக்கத் தேசியக் கணக்கெடுப்பைச் சேர்ந்த 13,601 பேரின் பிஎம்ஐயையும் கொழுப்பு விகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். பிஎம்ஐ 30ஐத் தாண்டியவர்கள் ஆண்களில் 19.1 சதவீதம். உடம்பில் கால்பங்குக்கு மேல் கொழுப்பு உள்ள ஆண்களோ 43.9 சதவீதம். பிஎம்ஐ 30ஐத் தாண்டிய ஆண்களில் பெரும்பாலோர் கொழுப்பும் மிகுந்தவர்களாகவே இருந்தார்கள். தசையால் மாட்டிக்கொண்டவர்கள் மிகச் சிலர். ஆனால் கொழுப்பு மிகுந்த ஆண்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவரைத்தான் அந்த எண் பிடித்தது. மீதி இருவரை விட்டுவிட்டது. பென்கியின் வீரர்கள் உண்மை. ஆனால் அவர்கள் நாள் முழுவதும் மோதிப் பயிற்சி செய்தவர்கள். நாற்காலியில் எட்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கும் ஓர் ஆண் அவர்களைத் தன் சாட்சிக்கு அழைக்க முடியாது. பிஎம்ஐ நிரபராதிகளைத் தண்டிப்பதைவிடக் குற்றவாளிகளைத் தப்பவிடுவதுதான் அதிகம்.

எலும்பின் கணக்கையும் நேராகப் போட்டுப் பார்த்துவிடலாம். 70 கிலோ எடையுள்ள ஆணின் எலும்புக்கூடு, மஜ்ஜையும் குருத்தெலும்பும் உட்பட, ஏறத்தாழ பத்துக் கிலோ. ஒருவருக்கு எலும்பு மற்றவர்களைவிட ஐந்தில் ஒரு பங்கு கனம் என்றாலும் கூடுவது இரண்டு கிலோ. பெரிய கட்டு தரும் மற்றது தசை. தோளெலும்பு அகன்று, மூட்டு பருத்திருந்தால் அதிகத் தசையைத் தாங்கும் சட்டகம் அமைகிறது. ஆனால் சட்டகம் இருப்பதாலேயே தசை வந்து ஒட்டிக்கொள்ளாது. இளவயதில் கபடி ஆடியவர், வயலில் மூட்டை தூக்கியவர், காவல் துறையில் பயிற்சி எடுத்தவர் ஆகியோரிடம் அந்தத் தசை இருந்தது. இருபது வருடம் கழித்துத் தராசு அதே எண்ணைக் காட்டும்போது அவர்கள் நிம்மதி அடைகிறார்கள். அந்த இருபது வருடத்தில் தசை இறங்கி அந்த இடத்தில் கொழுப்பு ஏறியிருக்கலாம். தராசுக்கு இரண்டும் ஒன்றுதான். பெரிய கட்டு ஆண்கள் அதிகம் ஏமாறும் இடம் இது என்று நினைக்கிறேன்.

இந்திய ஆணுக்கு இதில் இன்னொரு பாடமும் சேர்ந்துகொள்கிறது. 2004இல் லான்செட் இதழில் ஒரு சிறு குறிப்பும் ஒரு புகைப்படமும் வந்தன. புனேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக்கும் லண்டனைச் சேர்ந்த ஜான் யுட்கினும் அருகருகே நிற்கிறார்கள். இருவருடைய பிஎம்ஐயும் 22.3. ஸ்கேனில் யுட்கினுக்குக் கொழுப்பு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2 சதவீதம். மெலிந்த தோற்றத்துக்குள் இருமடங்குக்கும் மேல் கொழுப்பு. நியூசிலாந்தில் நடந்த ஆய்வுகளும் இதையே வேறு பக்கத்திலிருந்து காட்டின. ஒரே கொழுப்பு விகிதத்துக்குப் பசிபிக் தீவு ஆண்களின் பிஎம்ஐ ஐரோப்பியரைவிடக் கூடுதலாகவும் இந்திய ஆண்களின் பிஎம்ஐ வெகுவாகக் குறைவாகவும் வந்தது. சமோவா, டோங்கா ஆண்கள் 'எங்களுக்குக் கட்டு பெரிது' என்றால் அதற்கு அளவீடு துணை நிற்கிறது. நாம் அதையே சொல்லும்போது அளவீடு நமக்கு எதிராக நிற்கிறது.

2004இலேயே உலகச் சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு, ஆசிய மக்களுக்கு 23, 27.5 என்ற எண்களிலேயே எச்சரிக்கை தொடங்க வேண்டும் என்றது. 2009இல் இந்திய மருத்துவர்களின் கூட்டு நெறிமுறை 23ஐ அதிக எடை என்றும் 25ஐ உடற்பருமன் என்றும் வகுத்தது. ஆண்களின் வயிற்றுச் சுற்றளவுக்கு 90 சென்டிமீட்டர் என்ற கோட்டையும் போட்டது. சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து நடத்திய நாடு தழுவிய ஆய்வு 2023இல் வெளியானது. பிஎம்ஐ கணக்கில் பருமனானவர்கள் 28.6 சதவீதம், வயிற்றுச் சுற்றளவுக் கணக்கில் 39.5 சதவீதம். தராசு தப்பவிட்டவர்களை அளவுநாடா பிடித்திருக்கிறது. அதே ஆய்வில் தமிழ்நாட்டின் நீரிழிவு விகிதம் 14.4 சதவீதம், நாட்டின் சராசரி 11.4.

வயிற்றுச் சுற்றளவு ஏன் இவ்வளவு பேசுகிறது என்றால், தொடையிலும் புட்டத்திலும் தோலுக்கடியில் தங்கும் கொழுப்பும், குடலைச் சுற்றியும் கல்லீரலுக்குள்ளும் தங்கும் கொழுப்பும் ஒன்றல்ல. உள்ளுறுப்புகளைச் சூழும் கொழுப்பு இன்சுலின் வேலை செய்வதைத் தடுக்கிறது. ரத்தக் கொழுப்பையும் ரத்த அழுத்தத்தையும் ஏற்றுகிறது. பிரிட்டனின் சுகாதார நெறிமுறை நிறுவனம் 2022இல் இதை எளிய விதியாகவே சொல்லிவிட்டது: வயிற்றுச் சுற்றளவு உயரத்தில் பாதிக்குள் இருக்கட்டும். நம் மனிதருக்கு அது 90 சென்டிமீட்டர். இந்திய நெறிமுறையின் கோடும் அதே 90. விலா எலும்பும் இடுப்பெலும்பும் அகன்றவருக்குக் கொழுப்பில்லாமலேயே ஓரிரு சென்டிமீட்டர் கூடலாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பத்து சென்டிமீட்டர் கூடாது.

அளக்கும் இடத்தில்தான் தவறு நடக்கிறது. "பேன்ட் சைஸ் இன்னமும் 36தான்" என்று சொல்பவரின் பேன்ட் தொப்பைக்குக் கீழே நிற்கிறது, வேட்டியும் அப்படியே. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, சட்டையை விலக்கி, இயல்பாக மூச்சை வெளியே விட்ட நிலையில், நாடா தோலை அழுத்தாமல் சுற்றி அளக்க வேண்டும். வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு அளப்பது தன்னையே ஏமாற்றுவது.

அப்படியானால் கட்டுக்கு எங்கே இடம்? முதலில் மணிக்கட்டை அளந்து பாருங்கள். வலக்கை மணிக்கட்டில், துருத்தி நிற்கும் எலும்புக்குக் கைப்பக்கமாக நாடாவைச் சுற்றி, வரும் எண்ணால் உயரத்தை வகுக்க வேண்டும். ஆணுக்கு விடை 10.4க்கு மேல் என்றால் சிறிய கட்டு, 9.6க்குக் கீழே என்றால் பெரிய கட்டு. 180 சென்டிமீட்டர் உயரத்துக்கு மணிக்கட்டு 18.75 சென்டிமீட்டரைத் தாண்ட வேண்டும். எலும்பு கனம் என்று சொல்லிக்கொண்டிருந்த பலர் இந்தச் சோதனையில் நடுத்தரக் கட்டில் வந்து நிற்பார்கள். மெய்யாகவே பெரிய கட்டு என்று வந்தால், பொது வரம்புக்கு மேல் சில கிலோ சேர்த்து இலக்கு வைப்பதில் தவறில்லை.

இன்னும் நுட்பமாகப் போக விரும்புகிறவர் கொழுப்பு விகிதத்திலிருந்து தொடங்கலாம். டெக்ஸா ஸ்கேன் இருக்கும் இடத்தில் அது சிறந்தது. இல்லாவிட்டால் கழுத்து, வயிறு, உயரம் ஆகிய மூன்றையும் வைத்து அமெரிக்கக் கடற்படைக்காக 1984இல் ஹாட்ஜ்டனும் பெக்கெட்டும் வகுத்த நாடாக் கணக்கு ஓரளவுக்குக் கைகொடுக்கும். உடற்பயிற்சிக் கூடங்களில் காலை வைத்தவுடன் கொழுப்பைச் சொல்லும் மின்தராசுகள் குடித்த தண்ணீரைப் பொறுத்தே மாறிப்போகும்; ஒருநாள் எண்ணை நம்பக்கூடாது. நாற்பதுகளிலும் ஐம்பதுகளிலும் உள்ள ஆணுக்கு 11 முதல் 21 சதவீதம் வரை கொழுப்பு இருக்கலாம் என்பது பரவலாக ஏற்ற வரம்பு. 18 சதவீதத்தை இலக்காக வைத்துக்கொள்வோம்.

180 சென்டிமீட்டர் உயரமும் 90 கிலோ எடையும் கொண்ட மூன்று பேரை நினைத்துக்கொள்ளுங்கள். முதலாமவர் பளு தூக்குபவர். கொழுப்பு 15 சதவீதம். அவர் குறைக்க எதுவும் இல்லை, பிஎம்ஐ என்ன சொன்னாலும். இரண்டாமவருக்கு 24 சதவீதம். கொழுப்பல்லாத உடம்பு 68.4 கிலோ, அதை 0.82ஆல் வகுத்தால் 83.4 கிலோ வருகிறது. எடை குறையும்போது கொழுப்போடு தசையும் கொஞ்சம் போகும். இறங்கும் எடையில் கால்பங்கு தசை என்று வைத்தால் அவர் 80 கிலோவுக்கு அருகில் வந்தால்தான் 18 சதவீதத்தைத் தொடுவார். புரதம் குறையாமல் சாப்பிட்டு, எடை தூக்கும் பயிற்சியும் செய்தால் 83இலேயே தொட்டுவிடலாம். மூன்றாமவருக்கு 33 சதவீதம். கொழுப்பல்லாத உடம்பு 60.3 கிலோதான், இலக்கு 73.5 அல்லது அதற்கும் கீழே. மூவரும் ஒரே சட்டை அளவு வாங்கக்கூடியவர்கள். மூவரும் 'எனக்கு எலும்பு கனம்' என்று சொல்லக்கூடியவர்கள். சூத்திரங்களும் அட்டவணைகளும் மூவருக்கும் ஒரே எண்ணைத் தரும்.

2025 ஜனவரியில் லான்செட் ஆணையமும் இதை ஒட்டியே பேசியது. பிஎம்ஐயை மட்டும் வைத்து உடற்பருமனை முடிவுசெய்யாதீர்கள். சுற்றளவையோ கொழுப்பையோ அளந்து உறுதிப்படுத்துங்கள். உறுப்புகள் பாதிக்கப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள் என்பது அதன் சாரம். பெரிய கட்டு ஆண்களுக்கு இதனுடன் ஒன்றைச் சேர்த்துச் சொல்வேன்: கழுத்தையும் கவனியுங்கள். தடித்த கழுத்தும் பலத்த குறட்டையும் பகல் தூக்கமும் சேர்ந்திருந்தால் உறக்கத்தில் மூச்சு தடைபடும் நோய் இருக்கலாம். அதைக் கட்டின் பெருமை என்று விட்டுவிடக்கூடாது.

தொடக்கத்தில் பார்த்த மனிதருக்கு இப்போது பதில் சொல்லலாம். 71.5 கிலோ அவருடைய இலக்கு அல்ல. மருந்தளவுக் கணக்கை அவர் மறந்துவிடலாம். மணிக்கட்டு 18.75 சென்டிமீட்டரைத் தாண்டி, உடற்பயிற்சியும் தொடர்ந்தால் 80 முதல் 83 கிலோ வரை அவருக்கு நியாயமான எடை. தாண்டாவிட்டால் 75ஐ ஒட்டி இறங்க வேண்டும். எதுவானாலும் வயிற்றுச் சுற்றளவு 90க்குள் வந்து, சர்க்கரையும் ரத்த அழுத்தமும் கல்லீரலும் சரியாக இருக்கும்போது தராசு காட்டுகிற எண்தான் அவருடைய எடை. பெரிய கட்டு உடம்பு உங்களுக்கும் இருந்தால், தையற்கடையில் இருக்கும் சாதாரண நாடா போதும். நாளைக் காலை வெறும் வயிற்றில் மூச்சை விட்டு அளந்து, அந்த எண்ணை உங்கள் உயரத்தின் பாதியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.